மேலப்பாளையம் வரை மூடியிருந்த கை

இன்று காலை கொதிக்கிற உலையில் ஒரு துண்டு ரம்பை இலையைக் கிள்ளிப் போட்டேன். உன் உம்மா கொடுத்த கன்று. எங்கள் மாடியில் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் நடுவில் ஒரு பழைய பெயின்ட் வாளியில் நிற்கிறது. செடியில் இருக்கும்போது அதற்கு வாசமே கிடையாது, சூடு பட்டால்தான் வரும். உலை ஒரு கொதி கொதித்ததும் எங்கள் அடுக்களைக்குள் உங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி மணந்தது. பூஜை அறையிலிருந்து அம்மா, "ஏட்டி, அந்தப் பிள்ள வந்த மாதிரில்லா மணக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வெகுநேரம் மணிச் சத்தம் கேட்கவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. எழுத வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் கை பின்வாங்கியது. காரணம் உனக்குத் தெரியும். ஒருவரைப் பற்றிச் சொன்னால் அதை அவருக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் நம்மை எப்படியெல்லாம் ஆட்டி வைத்தது!

பாளையங்கோட்டைக் கல்லூரியில் நமக்கு வரலாறு மூன்றாம் ஆண்டு. 'உலகச் சமயங்கள்' என்று ஒரு பாடம். மற்ற வகுப்புகளில் சுகமாகத் தூங்குகிறவர்களுக்குக்கூட அந்த வகுப்பில் தூக்கம் வராது. சார் வைத்திருந்த முறை அப்படி. தொடக்கத்திலேயே மதங்களின் பெயரை எழுதிச் சீட்டுக் குலுக்கிப் போடுவார். தன் மதம் தனக்கு வந்தால் திரும்பப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும். சீட்டில் வந்த மதத்தைச் சேர்ந்த வகுப்புத் தோழர் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வகுப்பின் முன் பேச வேண்டும். அந்த வீட்டுக்காரர் தனியாக ஒரு நாற்காலியில், பேசுகிறவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். பேசி முடித்ததும் சார் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இது உங்க வீடுதானா?" ஆமாம் என்றால் மதிப்பெண். இல்லை என்றால் மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். "புஸ்தகத்துல இருக்கது விலாசம்மா. வீட்டுக்குள்ள போனியாங்கதுதான் கேள்வி" என்பார். அந்த நாற்காலிக்கு நாம் வைத்த பெயர் வீட்டு நாற்காலி.

முதலில் மாட்டியவன் கிறிஸ்தவம் பேசியவன். மாதா, மெழுகுவர்த்தி, மணி என்று அவன் உருக்கமாகப் பேசி முடித்தான். நாற்காலியில் இருந்த ராதாபுரத்துக்காரி எழுந்து, "இது எங்க வீடு இல்ல சார். நாங்க வேற சபை. எங்க வீட்டுல கரண்டு போனாத்தான் மெழுகுவர்த்தி கொளுத்துவோம்" என்றாள். வகுப்பே குலுங்கியது. நீ மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாய். சிரிக்கக் கூடாத இடத்தில்தான் உனக்குச் சிரிப்பு வரும், வந்தால் நிற்காது.

எனக்கு இஸ்லாம் வந்தது, உனக்குச் சைவம். "பேசாம வீட்ட மாத்திக்கிடுவோம் ஏட்டி, தீந்துது சோலி" என்றாய். அவ்வளவு சுலபமாகத்தான் நமக்குத் தோன்றியது.

டவுனில் எங்கள் வீட்டுக்கு நீ வந்த அந்தக் காலை எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. புர்கா மேல் மழைத்துளியோடு வாசலில் நின்றாய். தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்குக் காலைப் பூஜைதான் இப்போது ஆபீஸ், யாருக்காகவும் தள்ளி வைக்க மாட்டார். உள்ளே வரலாமா, எங்கே நிற்கலாம், எதைத் தொடக் கூடாது என்று எல்லாவற்றையும் என்னிடம் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாய். திருநீறு கீழே சிந்தக் கூடாது, யார் காலிலும் படக் கூடாது, அது அப்பாவுக்கு உயிர்போகிற விஷயம் என்று நான்தான் சொன்னேன். பூஜை முடிந்தது. அப்பா பதிகத்தின் கடைசி வரியை முணுமுணுத்துக்கொண்டே, கண் பாதி மூடிய நிலையில், வரிசையாக நின்றவர்களுக்குத் திருநீறு கொடுத்துக்கொண்டு வந்தார். அம்மா, சித்தி, நான். அடுத்தது நீ. நிற்பது யார் என்று அவர் பார்க்கவில்லை. ஒரு நொடி உன் முகம் என் பக்கம் திரும்பியது. அப்புறம் வலது கையை நீட்டி, இடது கையை அதற்குக் கீழே வைத்தாய். அப்பா ஒரு சிட்டிகை வைத்துவிட்டு நகர்ந்தார். நீ கையை மூடிக்கொண்டாய்.

பூசிக்கொள்ள உன்னால் முடியாது. கீழே போடவும் முடியாது. தட்டில் திருப்பி வைக்கலாம் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அம்மா இட்லியும் மிளகாய்ப் பொடியும் எடுத்து வைத்தாள். நீ பசியில்லை என்றாய். "ஒண்ணே ஒண்ணு" என்றாள். வேண்டாம் என்றாய். நாம் கிளம்பும்போது அம்மா என்னை ஓரமாக இழுத்து, "நம்ம வீட்டுல அந்தப் பிள்ள கை நனைக்காதோ? நாம என்னமும் நெனச்சோமா?" என்று கேட்டபோது அவள் முகம் சிறுத்திருந்தது. வலது கை மூடியிருக்கிறவள் எப்படி இட்லி சாப்பிடுவாள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே புரியவில்லை.

பஸ்ஸில்தான் நான் கவனித்தேன். அன்றைக்கே உங்கள் வீட்டையும் பார்த்துவிடலாம் என்று நானும் உன்னோடு வந்தேன். கூட்டத்தில் கம்பியைப் பிடிக்காமல் தோளைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாய். டிக்கெட்டை நான்தான் வாங்கினேன்.

"கையில என்னட்டி வச்சிருக்க?"

"உங்க வாப்பா குடுத்தது."

"இன்னுமா? ஜன்னல் வழியாப் போட்டிரு."

"உங்க வீட்டுச் சாமான்லா. ரோட்டுல போட முடியுமா? நீதான சொன்ன" என்றாய். கோபமாகக்கூட இல்லை, சும்மா ஒரு நியாயத்தைச் சொல்லுகிற மாதிரி. பாலத்தில் பஸ் போகும்போது நான் ஆற்றைப் பார்த்தேன், நீ உன் கையைப் பார்த்தாய். ஒவ்வொரு குலுக்கலுக்கும் முஷ்டி இறுகியது.

மேலப்பாளையத்தில் உங்கள் வாப்பா பெயின்ட் கடையிலிருந்து மதியத் தொழுகைக்காக வந்திருந்தார். கிணற்றடியில் குந்தி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் நகக் கண்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று நான் உன்னிடம் காதோடு கேட்டேன். தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவி ஒளு எடுக்கும்போது தண்ணீர் தோலில் படவேண்டும், நகத்தில் பெயின்ட் இருந்தால் படாது, பட்டாலும் அவருக்கு மனசு ஒப்பாது என்றாய். அதற்குள் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கையில என்ன?"

நீ திறந்து காட்டினாய். திருநீறு வியர்வையில் குழைந்து ரேகையெல்லாம் வெள்ளையாக இருந்தது. அடுக்களை வாசலில் நின்ற உம்மா, "யா அல்லா" என்று வாயைப் பொத்தினாள். எனக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது.

"யாரு குடுத்தாவ?"

"இவ வாப்பா. பூஜைல நின்னேன். குடுத்தாவ."

"பூசிக்கிட்டியா?"

"இல்ல."

"கீழ கொட்டினியா?"

"இல்ல வாப்பா."

அவர் துணியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு, கிணற்றடிச் சுவரோரம் இருந்த ரம்பைத் தொட்டிப் பக்கம் உன்னைக் கூப்பிட்டார். அவரே தண்ணீர் ஊற்ற, நீ அந்தத் தொட்டிக்குள் கை கழுவினாய். "இங்கன யாரு காலும் படாது" என்றார். அவ்வளவுதான். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். உம்மா எனக்குத் தனியாக ஒரு சட்டியில் கத்திரிக்காய் வதக்கி வைத்தாள். நீ இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாய்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். எங்கள் சித்தியை உனக்குத் தெரியும். விடிந்தால் அவளுக்கு ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும். அப்பாவின் பூஜையை வாராவாரம் படம் எடுத்து வைக்கிறவள், அன்றைக்கும் எடுத்திருக்கிறாள். நீ கை நீட்டி நிற்கிறாய், அப்பா திருநீறு வைக்கிறார், சுற்றிலும் செம்பருத்திப் பூச்சட்டம், கீழே 'எல்லாம் அவன் செயல்'. அவளுக்கு அது அழகான படம், அவ்வளவுதான். அவள் தவணையில் சேலை எடுக்கிற ஜவுளிக்காரம்மா உங்கள் தெரு. பொழுது சாய்வதற்குள் அந்தப் படம் உங்கள் ஊருக்குள் வீடு வீடாகப் போய்விட்டது. பூச்சட்டமும் சித்தி எழுதியதும் போய், வேறு யார் யாரோ எழுதியவை சேர்ந்திருந்தன. எங்கள் பக்கத்திலும் சில பேர் அதை எடுத்துக்கொண்டு வெற்றி வெற்றி என்று குதித்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. சித்தி அழுதுகொண்டே அதை அழித்தாள். அழித்ததோடு நில்லாமல், கைகூப்புகிற பொம்மையோடு 'மன்னிக்கவும்' என்று இன்னொன்று வைத்தாள். அதைப் பார்த்துப் படத்தைத் தேடியவர்கள்தான் அதிகம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வாப்பாவைச் சுற்றி நின்று கேட்டிருக்கிறார்கள். உம்மாவின் தம்பி, வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த உன் மாமா, நேராக வீட்டுக்கு வந்து, "படிக்கப் போனாளா, மாறப் போனாளா?" என்று கத்தியிருக்கிறார். பூசவில்லை என்று நீ சொன்னதை யாரும் கேட்கவில்லை. பூசவில்லை என்பதற்குச் சாட்சி வாப்பா ஒருவர்தான். அவரோ வாயே திறக்கவில்லை. திறந்தால் அந்தத் திருநீறு உங்கள் வீட்டுத் தொட்டியில் இருப்பதையும் சொல்ல வேண்டும். "காலேஜு போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டார். நீ உம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னாய். அடுத்த வருஷம் மேல்படிப்புக்கு இதே பாடத்தை எடுப்பதாக நீ கண்ட கனவெல்லாம் எனக்குத் தெரியும். நீ அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்பா எங்கள் வீட்டில் கூண்டுக்குள் அடைத்த மாதிரி நடந்தார். "கை நீட்டுச்சு, வச்சேன். யாருன்னு பாத்தா குடுப்பாவ? நான் போயி அவரு கால்ல விழுந்தாலும் சரி, சொல்லிட்டு வாரேன்" என்று சட்டையை மாட்டினார். "நீங்க அங்க போனா அதையும் படம் எடுப்பாவ" என்று நான்தான் தடுத்தேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டும் கழற்றிக்கொண்டும் அன்றைக்கு முழுக்க அவர் நாற்காலியிலேயே இருந்தார்.

அப்புறம்தான் நீ அந்தக் காரியத்தைச் செய்தாய். மறுபடி போன் வந்தது.

"ஏட்டி, வாப்பாட்ட சொல்லிட்டேன். நான் என்னத்தப் படிக்கேன்னு நீங்களே வந்து ஒரு நாள் கேளுங்க, கேட்டதுக்கப்புறமும் வேண்டாம்னா நானே நிறுத்திக்கிடுதேன்னு. சரின்னுட்டாவ. சாரும் வரச் சொல்லிட்டாவ."

"என்னைக்கு?"

"நீ பேசுத அன்னைக்கு. எங்க வீட்டப் பத்தி. நாற்காலில நான் உக்காரல, வாப்பா உக்காருதாவ."

எனக்குக் கோபம் வந்தது. யாரைக் கேட்டு என் தலையில் வைத்தாய்? உன் படிப்பை, நான் பேசப் போகிற ஒரு பேச்சில் கட்டித் தொங்கவிட்டு விட்டாய். கிறிஸ்தவம் பேசியவனுக்கு மறுபடி போய்ப் பார்க்க வாய்ப்பு இருந்தது. எனக்கு இல்லை. இதையெல்லாம் சொல்லிக் கத்தினேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ எங்க வீட்டுக்குள்ள வந்தேல்லா, பாத்தேல்லா? அதச் சொல்லு, போதும்" என்றாய்.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஐந்து கடமைகள், பிரிவுகள், ஆண்டுகள். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். ஒரு உச்சரிப்பு தப்பினாலும் உன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு அரபுச் சொல்லையும் நாக்கில் போட்டுத் தேய்த்தேன்.

அந்த நாள் வந்தது. வாப்பா வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். எங்கள் யாருக்கும் அப்படி ஒரு பழக்கம் இல்லை. நாங்கள் எல்லாரும் செருப்போடு உட்கார்ந்திருந்தோம். பின்னாலேயே வந்த மாமா உள்ளே வரவில்லை, கையில் போனோடு கதவில் சாய்ந்துகொண்டார். சார் நாற்காலியைக் காட்டினார். வாப்பா அதன் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுகிறவர் போல உட்கார்ந்தார். கடையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், கட்டைவிரல் நகத்தில் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது. நீ ஜன்னலோரம் கடைசி வரிசையில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

ஆரம்பித்தேன். கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ். எல்லாம் வரிசையாக வந்தது. உச்சரிப்பு ஒன்றுகூடத் தப்பவில்லை. வாப்பாவின் முகத்தில் ஒன்றுமே இல்லை. பஸ் நிலையத்தில் தன் ஊர் இல்லாத பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் பார்க்கிறவர் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தாளைப் புரட்டினேன், எழுத்து ஓடியது. மறுபடி நிமிர்ந்தபோது அந்த நீல நகம் கண்ணில் பட்டது.

தாளை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"நான் போன வீட்டுல ஒருத்தர் தொழப் போறதுக்கு முன்னால மண்ணெண்ணெய் தொட்டு நகத்தத் தேச்சிக்கிட்டு இருந்தாவ" என்று சொன்னேன். மேடைத் தமிழெல்லாம் எங்கேயோ போய்விட்டது. நாள் முழுக்கப் பெயின்ட் டப்பாவோடு புழங்குகிற கை, ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் அந்த நகத்தைத் தேய்க்க வேண்டும், தேய்த்துத் தேய்த்து நகக்கண் ஓரமெல்லாம் தோல் வெடித்திருக்கும், அப்படியும் தண்ணீர் தோலில் படாமல் ஒரு நாளும் நிற்க மாட்டார் என்று சொன்னேன். தொழுகை என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்தது மறந்துவிட்டது, அந்த நகம்தான் ஞாபகம் இருக்கிறது என்றேன். பள்ளிவாசலில் பாங்குச் சத்தம் கேட்டதும் உம்மா கரண்டியைச் சட்டியில் மோதாமல் வைக்கிறதைச் சொன்னேன். மாமிசம் படாத சட்டியை எனக்காகத் தேடி எடுத்து, அதை நான் பார்க்கிற மாதிரி மறுபடி ஒரு தரம் கழுவினதைச் சொன்னேன்.

வாப்பா குனிந்து தன் நகத்தைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

சொல்ல வேண்டியதில் அடுத்து ரம்பைத் தொட்டி இருந்தது. வாயெடுத்தேன். வாசலில் மாமா போனை என் பக்கமாகத் தூக்கிப் பிடித்திருந்தார். கடைசி வரிசையில் நீ லேசாகத் தலையை அசைத்தாய், வேண்டாம் என்று. உன் படிப்பு போனாலும் பரவாயில்லை, வாப்பாவை இழுக்காதே என்று அந்த அசைவுக்கு அர்த்தம். ஊரே கேட்டும் அவர் சொல்லாத ஒன்றை நான் எப்படிச் சொல்லுவது? சொன்னால் ஒருவேளை நீ தப்புவாய், அவர் மாட்டிக்கொள்வார். வாய்க்குள் வந்ததை விழுங்கினேன். "இதுதான் நான் பாத்த வீடு" என்று முடித்துவிட்டேன்.

சார் நாற்காலியின் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க பாய். இது உங்க வீடுதானா?"



"இல்ல" என்றார் வாப்பா.

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல சார். ஒண்ணு விட்டுப் போச்சு. இந்தப் பிள்ளைக்கு அது தெரியும். எனக்காக விட்டுருக்கு." அவர் எழுந்து நின்றார். "எம் மவ கையில ஒரு பெரிய மனுசன் அவரு சாமி துன்னூறக் குடுத்தாரு. அது பூசிக்கிடல. எங்க மார்க்கத்துல கெடையாது. ஆனா டவுன்ல இருந்து மேலப்பாளையம் வரைக்கும் கையத் தொறக்காம கொண்டுவந்துது. அடுத்தவன் மதிக்கத நாம மிதிக்கப்புடாதுன்னு. நாந்தான் செம்புல தண்ணி ஊத்தி எங்க வீட்டு ரம்பைத் தொட்டில கழுவச் சொன்னேன்."

வாசலிலிருந்து மாமா, "மச்சான்!" என்றார்.

"இருவே. படத்துல நீ பாத்தது பாதி. மீதிய நான் சொல்லுதேன், அதையும் எடுத்துக்க. எடுத்து எல்லாத்துக்கும் அனுப்பு" என்றார் வாப்பா. குரல் உயரவில்லை. மாமாவின் கை தானாகக் கீழே இறங்கியது.

வாப்பா சாரைப் பார்த்து, "இதையும் சேத்துக்கிட்டா எங்க வீடுதான்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டார். படியிறங்கும்போது ஜன்னல் பக்கம் நின்று உன்னிடம், "சாயங்காலம் பஸ்ஸ விட்டுராத. உம்மா தேடும்" என்றார். அவ்வளவுதான். நீ காலேஜுக்கு வரலாம் என்பதை அவர் அப்படித்தான் சொன்னார். நான் மேசையில் கவிழ்ந்து அழுதேன். நீ சிரித்தாய், அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வர. வகுப்பே உன்னைப் பைத்தியம் என்று பார்த்தது.

அதற்கான விலையை வாப்பா கொடுத்தார். கொஞ்ச காலம் கடைக்கு ஆள் வரத்துக் குறைந்தது, சில வீட்டுக் கல்யாணங்களுக்கு அழைப்பு வரவில்லை. அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வாரமே நீ எங்கள் வீட்டுக்கு வந்து, "அம்மா, அன்னைக்குக் கை சும்மா இல்ல, இன்னைக்குச் சும்மா இருக்கு" என்று அம்மாவிடம் வலது கையை விரித்துக் காட்டினாய். அம்மாவுக்கு அப்போதுதான் நீ இட்லி தொடாத காரணம் புரிந்தது. நீ போதும் போதும் என்று சொல்லச் சொல்ல இட்லி வைத்துக்கொண்டே இருந்தாள். உன் முறை வந்து நீ எங்கள் வீட்டைப் பற்றிப் பேசினபோது, சார் கேட்பதற்கு முன்னாலேயே நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு நீ மேலே படித்தாய். களக்காட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அதே பாடத்துக்கு ஆசிரியை ஆனாய். அங்கேயும் ஒரு நாற்காலியைத் தனியாகப் போட்டிருந்தாய் என்று உன் மாணவி ஒருத்தி சொன்னாள். எப்போது சொன்னாள் தெரியுமா, உன்னை வெள்ளைத் துணியில் சுற்றி நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது. சாதாரணக் காய்ச்சல் என்று போனாய். ஆஸ்பத்திரி வாசலில் எனக்குக் கையாட்டினாய். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டிலேயே நின்றோம். நான் கிணற்றடியில் ரம்பைத் தொட்டிப் பக்கம் நின்றேன். அன்றைக்கு அழுகையைவிட எனக்கு ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது, உன் மேல்தான். யாரைக் கேட்டுப் போனாய்?

ஏழாம் நாள் போனபோது உம்மா அந்தக் கன்றைப் பிரித்துக் கொடுத்தாள். வாப்பா கடையிலிருந்து வாளியைக் கழுவி எடுத்து வந்தார். நகத்தில் பெயின்ட் இல்லை. நீ போனதிலிருந்து டப்பாவைத் தொடவில்லை என்று உம்மா சொன்னாள்.

இதை எழுதி முடித்துவிட்டேன். நாளை மாலை மேலப்பாளையம் போகிறேன். நம் வழக்கப்படி இதைச் சம்பந்தப்பட்டவர் முன்னால் வாசிக்க வேண்டும், நீ இல்லை, அதனால் வாப்பாவை உட்கார வைத்து வாசிக்கப் போகிறேன். வாசித்து முடித்ததும், "இது உங்க மவதானா வாப்பா?" என்று கேட்பேன். அன்றைக்கு அவர் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். இப்போது எனக்குப் பயம் வேறு. ஆமாம் என்று சொல்லிவிட்டால், நீ இவ்வளவுதான் என்று ஆகிவிடும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இல்ல, ஒண்ணு விட்டுப் போச்சு" என்று சொல்ல வேண்டும் ஏட்டி. ஒவ்வொரு தடவை போகும்போதும் சொல்ல வேண்டும்.